டபுள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் உறைகிறது, கீழே பால் திரிந்துபோகிறது. கேஸ் போட்டால் சரியாகுமா?

கேஸ் போட மெக்கானிக் கேட்கும் அந்த மூவாயிரம் ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கேஸ் கோளாறு மாதிரி தெரியவில்லை. ஏழு வருஷ ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகவே உறைகிறது. கீழே வைத்த பால் மறுநாள் காய்ச்சும்போது திரிகிறது, இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்கி வழிகிறது. வந்த மெக்கானிக் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் "கேஸ் போச்சு" என்று சொல்லிவிட்டார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தான் எனக்குப் பிழைப்பு. இந்த ஒரு வார்த்தையை நம்பி ஜனங்கள் வீணாகக் கொடுத்த பணத்தை நிறையப் பார்த்துவிட்டதால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். "வருஷம் ஆயிடுச்சு, கேஸ் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் கதவைக் காட்டிவிடுங்கள், அப்படி ஒரு சர்வீஸே கிடையாது. அப்புறம், கேஸ் உண்மையிலேயே குறைந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே அடிவாங்கும். ஐஸ்கிரீம் கூழாகும், தண்ணீர் உறைய ஒரு பகல் ஆகும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் கெட்டிருப்பது கீழ்ப்பகுதி மட்டும்.

சாதாரண டபுள் டோரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு காயில் (குளிரை உண்டாக்கும் வளைவுக் குழாய்) கிடையாது. ஃப்ரீசரின் பின்சுவராகத் தெரியும் பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் ஒரே ஒரு காயில், கூடவே ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். காயிலில் பட்டுக் குளிர்ந்த காற்றை அந்த ஃபேன் ஃப்ரீசருக்குள் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு மட்டும் தனி வழியாகக் கீழே இறங்குகிறது. கீழ்ப்பகுதிக்குச் சொந்தக் குளிர் எதுவும் இல்லை, மேலேயிருந்து வருவதை நம்பித்தான் அது இருக்கிறது. அந்தக் காற்று தடைபட்டால் முதலில் பாலும் மாவும் கெடும். ஃப்ரீசர் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆக, தேட வேண்டியது காற்று எங்கே நிற்கிறது என்பதை.

காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை சில உண்டு. ஃப்ரீசரின் பின்பேனலிலும் கீழ்ப்பகுதியின் மேல்மூலையிலும் காற்று வரும் துளைகள் இருக்கும். அவற்றை எதுவும் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. தூத்துக்குடியில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய இறாலையும் மீனையும் பை பையாகப் பின்சுவரோடு ஒட்ட அடுக்கியிருந்தார்கள். அந்தப் பைகளை நாலு விரல் முன்னே இழுத்து வைத்ததுதான் நான் அங்கே செய்த ரிப்பேர். கீழே என்றால் பெரும்பாலும் குற்றவாளி மாவுத் தூக்குதான், மேல்தட்டில் துளைக்கு நேராக உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது குமிழ். பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் குமிழுக்கும் கம்ப்ரசருக்கும் சம்பந்தமே இல்லை. காற்று போகும் வழியில் இருக்கும் ஒரு மூடியைத் திறந்து மூடுவதுதான் அதன் வேலை. அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் காற்று மேலேயே தங்கிவிடும், கீழே இறங்குவது குறைந்துவிடும். கோடை வந்ததும் நல்லெண்ணத்தில் ஃப்ரீசர் குமிழ், கீழ்ப்பகுதிக் குமிழ் இரண்டையும் முழுக்கத் திருப்பிவிட்டு, "கீழே கூலிங்கே இல்லை" என்று போன் செய்பவர்கள் ஏராளம். ஃப்ரீசர் குமிழை நடுவில் வைத்துவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, ஃப்ரிட்ஜுக்கென்றே விலை குறைவாக விற்கிறார்கள்.

ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதும் சுலபம். கதவைத் திறந்தால் பல ஃப்ரிட்ஜ்களில் ஃபேன் நின்றுவிடும். கம்ப்ரசர் ஓடும் நேரமாகப் பார்த்து, கதவு வந்து படும் இடத்திலுள்ள சுவிட்சை விரலால் அழுத்துங்கள். 'ம்ம்' என்று ஒரு சத்தமும் துளைகளில் காற்றும் வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால் ஃபேன் மோட்டார் அல்லது சுவிட்ச். 'சரசர' என்று எதிலோ உரசும் சத்தம் வந்தால் இறக்கை ஐஸில் இடிக்கிறது. உள்ளே ஐஸ் மலை வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

உங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் உறைபனியே படியாது என்று அர்த்தமில்லை. படிவதை மெஷினே அவ்வப்போது கரைத்துவிடும், அவ்வளவுதான். கம்ப்ரசர் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியிலுள்ள ஹீட்டரைப் போடும். ஐஸ் உருகித் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாகக் கம்ப்ரசருக்கு மேலேயுள்ள தட்டுக்குப் போகும், அங்கே சூட்டில் ஆவியாகும். காயில் போதுமான அளவு சூடானதும் பைமெட்டல் என்னும் சின்ன வெப்ப சுவிட்ச் ஹீட்டரை நிறுத்தும். பைமெட்டல் ஒட்டிக்கொண்டுவிட்டால் காப்பாற்ற ஒரு ஃப்யூஸும் இருக்கும். டைமர், ஹீட்டர், பைமெட்டல், ஃப்யூஸ் இந்த நாலில் ஒன்று போனாலும் பனி கரையாது. நாளாக ஆகக் காயில் முழுக்க வெள்ளைச் சுவராகிவிடும். காற்று புக இடமிருக்காது.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை. உள்ளே இருப்பதையெல்லாம் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்தே வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். கீழே பழைய வேட்டி, துண்டெல்லாம் போட்டு வைக்க வேண்டும், நினைப்பதைவிட அதிகத் தண்ணீர் வரும். சீக்கிரம் ஆக வேண்டுமென்று ஹேர் ட்ரையரைக் காட்டி பிளாஸ்டிக்கை வளைத்துவிடாதீர்கள். மறுநாள் போட்டதும் கீழேயும் ஜில்லென்று ஆகி, சில நாள் நன்றாக ஓடி, மறுபடி பழைய கதையே என்றால் கரைக்கும் அமைப்புதான் கெட்டிருக்கிறது. கேஸ் போயிருந்தால் ஒரு நாள்கூட நன்றாக ஓடாது.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிடும்போது ஐஸ் கட்டியிருக்கும் நிலையிலேயே கூப்பிடுங்கள். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பேனலைக் கழற்றச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று எட்டிப் பாருங்கள். காயில் மேலிருந்து கீழ்வரை சமமாக வெள்ளை மூடியிருந்தால் டைமர், ஹீட்டர் வகையறா. ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று வளையம் மட்டும் பனி பிடித்து, மீதி வெறும் குழாயாகத் தெரிந்தால், கம்ப்ரசரும் ஓயாமல் ஓடினால், அப்போது கேஸைப் பற்றிப் பேசலாம்.

பைமெட்டலை, மின்தொடர்பு காட்டும் மீட்டர் வைத்துப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் உள்ளே தொடர்பு கொடுக்கும். ஐஸ் எல்லாம் கரைந்து அறைச்சூட்டுக்கு வந்தபின் மீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் கெட்டதுபோலத்தான் காட்டும். இதைத் தெரியாமல் மாற்றிவிட்டு, நிஜமாகக் கெட்ட ஹீட்டரை அப்படியே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டைமரில் ஒரு திருகு இருக்கும். அதை ஸ்குரூ டிரைவரால் வலப்பக்கமாக மெல்லத் திருப்பினால் 'டக்' என்று சத்தம் வந்து கம்ப்ரசர் நிற்கும். சில நிமிஷத்தில் உள்ளே ஹீட்டர் மேல் தண்ணீர் சொட்டி 'ஸ்ஸ்' என்று கேட்டால் ஹீட்டர் பிழைத்திருக்கிறது, சந்தேகம் டைமர் மேல் போகும். இந்தச் சாமான்கள் எதுவும் பெரிய விலை இல்லை. புது மாடல்களில் டைமருக்குப் பதில் சென்சரும் எலக்ட்ரானிக் போர்டும் இருக்கும். போர்டு மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

கதவு ரப்பரையும் விட்டுவிடாதீர்கள். அது சரியாக ஒட்டாவிட்டால் ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஐஸ் தேவைக்கு மேல் கட்டும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் மடிப்புக்குள் இருக்கும் அழுக்கைத் துடையுங்கள், பாதிக் குறை அதிலேயே போகும். நெளிந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நீவிவிடுங்கள். முன்கால் இரண்டையும் துளி உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

சிங்கிள் டோர் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்களுடையதில் ஃபேன், டைமர் எதுவும் இல்லை, அந்த ஃப்ரீசர் பெட்டியே காயில். ஐஸ் கால் அங்குலம் சேர்ந்ததும், அதைக் கரைக்க, தெர்மோஸ்டாட் (குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) நடுவிலுள்ள பட்டனை அழுத்திவிடுங்கள். கத்தி, கரண்டிக் காம்பு எதையும் ஐஸில் வைக்காதீர்கள். அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது, ஒரு குத்தில் 'புஸ்' என்று போய்விடும். சிங்கிள் டோரில் நான் பார்க்கும் உண்மையான கேஸ் லீக்குகளில் பெரும்பாலானவை இப்படிக் கையால் குத்தியவைதான்.

காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது வடிகுழாய் அடைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சினால் திறந்துகொள்ளும். அப்படியே பின்பக்கத் தட்டையும் கழுவுங்கள். மழைக்காலத்தில் டெங்கு கொசு ஒழிக்க வருகிறவர்கள் நேராக ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது சும்மா இல்லை, அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் முட்டையிடும். பக்கச் சுவர் சுடுகிறது என்பது கோளாறே இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அந்தத் தகட்டுக்குள் ஓடுகிறது. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், போதும்.

எல்லாம் பார்த்து, கேஸ்தான் என்று முடிவானால் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தீர்களா, ஃபில்டரை மாற்றி வாக்குவம் போடுவீர்களா (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), எடை பார்த்து ஏற்றுவீர்களா? ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மறுபடி போய்விடும். பின்பக்கம் கம்ப்ரசர் அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் கேஸ், அதுவும் சில பத்து கிராம்தான் இருக்கும். ஆர் 134ஏ என்னும் வேறு வகை கேஸை ஏற்றிப் பழகிய கையோடு குத்துமதிப்பாக ஏற்றவும் கூடாது, உள்ளே இருக்கும் கேஸை வெளியேற்றாமல் குழாயில் பற்றவைப்பு வேலை செய்யவும் கூடாது. ஓட்டை சுவருக்குள் ஃபோமில் புதைந்த குழாயில் என்றால் அந்த ஃப்ரிட்ஜுக்கு மேற்கொண்டு செலவு செய்யச் சொல்ல மாட்டேன். டைமரோ ஹீட்டரோ என்றால் ஏழு வருஷம் ஒரு வயதே இல்லை, தாராளமாக ரிப்பேர் செய்யலாம்.

ஐஸைக் கரைத்துப் போட்ட பிறகு எத்தனை நாளில் கீழே கூலிங் குறைகிறது என்று எழுதுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால் உங்களுடையது டைமர் வகையா, போர்டு வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.