குடும்பத்தோடு பாலிக்குப் போய் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஆறு. இது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுமா?

தாராளமாகப் போங்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையில் என்ன வேலை மிச்சம் கிடக்கிறதோ அதைச் செய்யப் போங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். அதனால் பயன் இருந்தது என்று தைரியமாகச் சொல்வேன். இந்த விஷயத்தில் என் முகத்துக்கு நேராகவும் முதுகுக்குப் பின்னாலும் பலர் பேசிவிட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். நாங்கள் போனபோது மகள் உயர்நிலை 1, மகன் தொடக்கநிலை 4. என் கணவரோடு வேலை செய்பவர் ஒருவருக்குச் சொந்த ஊர் பாலியின் கிழக்குக் கோடியில் உள்ள காராங்காசெம் மாவட்டம். அவருடைய அக்கா அங்கே அகுங் மலைச் சரிவில், கூபு வட்டாரத்தில், ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அந்த வழியாகத்தான் போனோம். அதற்கு முன்பு ஒரு ஏஜென்சியிடமும் விசாரித்துப் பார்த்தோம். தலைக்கு இவ்வளவு, விமான நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வோம், தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பு, கடைசி நாள் சான்றிதழ் என்று அட்டவணை அனுப்பினார்கள். பள்ளிக்கு இதில் எவ்வளவு போகும் என்று கேட்டேன். பதில் வரவே இல்லை. நீங்களும் இதைக் கேளுங்கள். பதில் வராத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

கூபு என்றால் பலருக்குத் தெரியாது, துலாம்பென் என்றால் தெரியும். 1942ல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி, கரையில் கொண்டுவந்து ஒதுக்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், 1963ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்றைக்கு உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து முக்குளித்து அதைப் பார்க்கிறார்கள். அந்தத் துலாம்பென் இருப்பதும் இதே கூபுவில்தான். கடற்கரையை விட்டு மலைப்பக்கம் ஏறினால் ஊரே வேறு. விளம்பரப் படங்களில் வரும் பச்சை வயலெல்லாம் அங்கே கிடையாது. எரிமலைக் கல்லும் மணலும்தான் தரை, பெய்த மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். சோளம், மரவள்ளி, முந்திரி, பனைமரம். கோடையில் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் ஊர்க் கரிசல் பூமிக்காரர்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

போவதற்கு முன்பே தலைமையாசிரியையிடம் வீடியோ காலில் பேசினோம். நண்பர் மொழிபெயர்த்தார். நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உபயோகம் என்று கேட்டோம். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு, விளையாட்டு என்றுதான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் நூலகம் என்றார்.

காரணத்தையும் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி பாலி மொழி. பள்ளிக்கு வந்த பிறகுதான் இந்தோனேசிய மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிறார்கள். பாலி மொழியும் அதன் எழுத்தும் தனிப்பாடம். 2013 பாடத்திட்டத்திலிருந்து தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இல்லை. மூன்றாம் வகுப்பு வந்தும் இந்தோனேசிய வாக்கியத்தைச் சரளமாகப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு நாம் ஒரு வாரத்தில் பழங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், மறுவாரம் அதை யார் தொடர்வார்கள்? வகுப்பு ஆசிரியைதான். அவருக்கு ஏற்கெனவே இருக்கும் சுமையில் அதையும் சேர்த்துவிட்டு வருவோம். நாம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், ஆசிரியை அங்கேயேதான் இருப்பார். நான் சொல்ல வந்ததே இதுதான்.

நூலகம் என்பது ஓர் அறையின் மூலையில் இரண்டு மர அலமாரி. வெளிநாட்டிலிருந்து யார் யாரோ நல்ல மனதோடு அனுப்பிய ஆங்கிலப் புத்தகங்கள் முன்வரிசையில் கெட்டி அட்டையோடு நின்றன. பனிச்சறுக்கு, கிறிஸ்துமஸ் மரம், பெரியவர்களுக்கான துப்பறியும் நாவல் என்று எல்லாம் இருந்தன. பிள்ளைகள் படிக்கக்கூடிய இந்தோனேசியக் கதைப் புத்தகங்கள் பின்னால் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் பரப்பினோம். முதுகு கிழிந்ததை ஒட்டினோம். நண்பரின் அக்காவான அந்த ஆசிரியை ஒவ்வொன்றாகப் புரட்டி, இது இரண்டாம் வகுப்பு, இது நான்கு என்று சொல்லச் சொல்ல, மகன் முதுகில் கலர் டேப் ஒட்டினான். மகள் பதிவேட்டில் எண், தலைப்பு, பக்கம் எழுதினாள். பள்ளித் தர ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்பார்களாம். ஆசிரியர்களுக்கு அதை எழுத நேரமே கிடைத்ததில்லை. என் கணவர், பெற்றோர்கள் சிலரோடு சேர்ந்து கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும் தகரக் குழாயைச் சரிசெய்தார். மலேசிய, சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே கோத்தோங் ரோயோங்தான், ஊரே கூடி வேலை செய்வது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு அவர்களாகவே வந்து நின்றார்கள்.

இதில் பிள்ளைகளுக்கு என்ன உதவி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். புத்தகங்களை அடுக்கிய பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக வந்து என் மகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் ஆசிரியை. என் பெண்ணுக்கு அந்த மொழி தெரியாது. அதுவேதான் வசதியாகப் போயிற்று. தப்பாகப் படித்தால் திட்டப்போகிறவர் யாரும் எதிரில் இல்லை. அதோடு, அக்காவுக்குப் புரியவில்லை என்றால் படத்தைக் காட்டி விளக்க வேண்டும். ஒருநாள் பூனைக் கதையில் குச்சிங் என்ற சொல்லை இவள் குக்கிங் என்று படிக்க, எதிரே இருந்த சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து, "ச்சிங், காக்கா, ச்சிங்" என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். அங்கே அக்காவைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண்ணாம் அவள். ஆசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனுக்குப் பெயர்கள்தான் பெரும் குழப்பம். அங்கே பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பார்கள். மூத்தது வாயன் அல்லது புத்து, அடுத்தது மாடே அல்லது காடெக், மூன்றாவது ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே வகுப்பில் காடெக் என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பினார்கள். அவன் அவர்களோடு கோலி விளையாடித்தான் ஆளுக்கொரு இரண்டாம் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தான்.

வியாழக்கிழமை பள்ளிக்குப் போனபோது சிவப்பு வெள்ளைச் சீருடையைக் காணோம். பையன்கள் தலையில் உடெங் துணி கட்டி, பெண்பிள்ளைகள் கெபாயாச் சட்டையும் இடுப்பில் கச்சையுமாக வந்திருந்தார்கள். 2018ல் வந்த ஆளுநர் ஆணைப்படி வியாழக்கிழமைகளில் பாரம்பரிய உடை. வரிசையில் நின்று கைகூப்பி திரிசந்தியா என்ற பிரார்த்தனையைச் சொன்னார்கள். அதன் முதல் பகுதி காயத்ரி மந்திரம். பாட்டியிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய என் மகன், யாரும் சொல்லாமலே கூடச் சேர்ந்து சொன்னான். உச்சரிப்பும் இழுவையும் வேறு வேறு, ஆனாலும் முன்வரிசைப் பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். நம் சரஸ்வதி பூஜை போலவே அவர்களுக்கும் 210 நாளுக்கு ஒருமுறை சரஸ்வதி நாள் வரும், அன்று புத்தகங்களுக்குப் படையல் வைப்பார்கள். நாங்கள் அடுக்கி முடித்த அலமாரியின் மேலும் அந்த ஆசிரியை தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்தார்.

ஆங்கிலம் சுத்தமாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் ஆசிரியர்கள் எங்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழக விரும்பினார்கள், பேசினோம். 2017ல் அகுங் மறுபடி புகைந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு மாற்றினார்கள் அல்லவா, அந்த மாதங்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள். தங்கள் பிள்ளைகள் முகாம்களுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் போய் உட்கார்ந்ததையும், எந்தப் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறது என்று ஆசிரியர்கள் தேடியலைந்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள். ஆசிரியர்கள் அப்படிப் பழகிய ஆங்கிலம் வகுப்பறையில் தங்கும்.

இனி, நான் கேட்டுச் சலித்த கேள்வி. என் கணவரின் அண்ணன் போனில், "ஏம்மா, நம்ம ஊர்ல இல்லாத ஏழைப் பிள்ளைங்களா? பாலிக்குத்தான் போகணுமா?" என்றார். இங்கேயும் யாராவது இதைக் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எப்படியும் விடுமுறைக்குப் பக்கத்து நாட்டுக்குப் போகிற குடும்பம். கூப்பிட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஓரிடத்தில் செய்தால் இன்னோரிடத்தில் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஊர்ப்பற்று பேசுகிறவர்களிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. மன்னார்குடிப் பக்கம் நான் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறைக்குக் கதவு போடப் பணம் திரட்டலாம் என்று பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். துபாய், குவைத், சென்னை என்று நல்ல நிலையில் இருப்பவர்கள் நிறைந்த குழு அது. நாள்கணக்கில் ஒருவர் கூடப் பதில் போடவில்லை. அதே மாதம் திருவிழாப் பந்தலுக்கும் வாழ்த்துப் பதாகைக்கும் ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். சாமிக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் கொடுத்தேன். ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் அந்த மறைப்பில்லாத இடத்துக்குப் போகக் கூசி, காலை முதல் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் எப்படிச் சும்மா இருக்க முடிகிறது? கடைசியில் என் வகுப்புத் தோழிகள் சிலர் மட்டும் சேர்ந்து கதவு போட்டோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இருக்கிறது. எந்தப் பள்ளி, என்ன தேவை என்று பார்த்து இணையத்திலேயே கொடுக்கலாம். என்னைக் கேள்வி கேட்பவர்கள் அங்கே கொடுத்துவிட்டுக் கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வேன்.

சிங்கப்பூர்ப் பெற்றோர்கள் சிலர், மகளின் விஐஏ மணிக்கணக்குக்காகத்தான், அதாவது இங்கே பள்ளியில் மாணவர்களுக்குக் கணக்கு வைக்கும் சமூகசேவை நேரத்துக்காகத்தான், போனோம் என்றும் பேசினார்கள். பள்ளியில் எதையும் பதிவு செய்யவில்லை. சான்றிதழ் கேட்கவும் இல்லை.

கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விசா. சம்பளம் வாங்காத வேலைதானே என்று சுற்றுலாப் பயணியாகப் போய் வகுப்பறையில் நிற்காதீர்கள். தன்னார்வப் பணிக்கு அதற்குரிய விசா வேண்டும், உள்ளூரில் ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். எங்களுக்கு அங்குள்ள ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்றது. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் பாலிக்கென்று தனியாக 1,50,000 ரூபியா கட்ட வேண்டும், அது விசாக் கட்டணத்தில் சேராது.

அடுத்தது மாதம். ஜூன் விடுமுறையில் போகலாம் என்றிருந்தால் யோசியுங்கள். அங்கே கல்வியாண்டு முடிவதே ஜூனில்தான். முதலில் தேர்வு நடக்கும், பிறகு ஜூலை நடுப்பகுதி வரை பள்ளி பூட்டியிருக்கும். நாங்கள் நவம்பர் கடைசியில் போனோம். மழை தொடங்கியிருந்தது, ஆனால் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

அநாதை இல்லம் பார்க்க அழைத்துப்போகிறோம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தோனேசியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வந்து பார்க்கிறவர்கள் கொடுக்கும் காசுக்காகவே பிள்ளைகளை வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

மிட்டாய், பென்சில் எதையும் பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள், தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, ஆனால் சீருடை, ஷூ, நோட்டு எல்லாம் பெற்றோர் செலவு. நோட்டும் ஷூவும் மாவட்டத் தலைநகரான அம்லாபுராவின் கடைகளிலேயே கிடைக்கும், இங்கிருந்து சுமக்க வேண்டாம். போட்டோ எடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள், பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை எங்கும் போடாதீர்கள்.

உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது, வேலை செய்வாள். ஆறு வயது மகனை அனுமதி கேட்டு முதல் வகுப்பில் உட்காரவையுங்கள். அங்கே முதல் வகுப்பு நண்பகலுக்கு முன்பே விட்டுவிடும், அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் வரும். அதனால் தங்குமிடத்தைப் பள்ளிக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சுற்றுலா ஊர்களான குத்தாவிலோ உபுதிலோ அறை எடுத்துக்கொண்டு தினமும் கூபுவுக்குப் போய் வருவது நடக்கிற காரியமில்லை.