வசனத்தின் மறுபாதி

கேள்வி: 2020-இல் கோயில்களைப் பூட்டியபோது யூடியூபில் ஆராதனை பார்க்க ஆரம்பித்தேன். கோயில் திறந்த பிறகும் போக மனம் வரவில்லை. தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். போனால் சேகரத் (சபை வட்டார நிர்வாகத்) தேர்தல் சண்டையும் அடுத்தவர் நகைப் பேச்சும்தான் காதில் விழுகிறது. மூட்டுவலியோடு தனியாக ஆட்டோ பிடித்துப் போய்வரும் என் மாமியார், “சபை கூடிவருதலை விட்டவளுக்கு என்ன விசுவாசம்?” என்கிறார். வாராவாரம் போனால்தான் கிறிஸ்தவளா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தச் சேகரத்திலும் அங்கத்தினன் இல்லை. அங்கத்தினர் கட்டும் சங்கக் காணிக்கை ஒரு பைசா கட்டியதில்லை. அவனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது. எனவே கோயிலுக்கு வராததை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

ஆனால் அந்தக் கள்ளனுக்கு அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லையே அம்மா. உங்களுக்கு இருக்கிறது.

அவர் சொன்ன வசனம் எபிரெயர் 10:25. நம் ஆட்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள், அடிக்க அது போதும் என்பதால். மறுபாதி “ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்” என்று போகிறது. அதற்கு முந்தின வசனமும் ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறது. கூடிவரச் சொன்ன காரணமே அதுதான். யூடியூபில் ஐயரை, அதாவது சபைப் போதகரை, நீங்கள் பார்க்கிறீர்கள். நீங்கள் இரண்டு வாரமாகக் காய்ச்சலில் கிடப்பது அவருக்குத் தெரியுமா?

கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் ஜஸ்டின் என்பவர் பேரரசருக்கு ஒரு மனு எழுதினார். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று அதில் விளக்குகிறார். வாசிப்பு, புத்திமதி, ஜெபம், நற்கருணையின் அப்பமும் திராட்சரசமும். இன்று நாம் செய்வதேதான். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அவர்கள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றும், சேர்ந்த காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும் என்றும் எழுதியிருக்கிறார். யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே பங்கைக் கொண்டுபோக முடியும்?

இதை நான் படித்தறிந்ததைவிடப் பட்டறிந்தது அதிகம். கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன். ஒரு ஞாயிறு மதியம் ஐயர் வந்தார். சின்னத் தோல்பெட்டி, அதற்குள் சுண்டுவிரல் உயரக் கிண்ணம். மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவிட்டு, முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து நற்கருணை கொடுத்தார். கூடவே, எனக்குப் பின்பெஞ்சில் உட்காரும் பெரியவர். கீர்த்தனையை எப்போதும் அரைச்சுருதி தள்ளியே பாடுவார், நான் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தபோது கோயில்கள் இடிபட்டன, குருமார் விரட்டப்பட்டார்கள். 1865-இல் நாகசாகியில் புதிதாக எழுந்த தேவாலயத்துக்குச் சில கிராமத்து ஜனங்கள் வந்து, தாங்களும் அதே விசுவாசக்காரர்கள் என்று பிரெஞ்சுக் குருவின் காதில் சொன்னார்கள். இருநூற்றைம்பது வருஷம் கோயில் இல்லாமல் தாக்குப்பிடித்தவர்கள்! ஆனால் ஆளுக்கொரு மூலையில் இருந்து அல்ல. ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், திருநாட்களைக் கணக்கு வைக்க ஒருவர் என்று ஊருக்குள் ரகசியமாகப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

தேர்தல் சண்டையைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. பூசி மெழுக மாட்டேன். வெட்கக்கேடு. அதுவே தாங்கவில்லை என்றால் வேறு சபைக்குப் போங்கள், குற்றமில்லை. இல்லையென்றால் விடியற்காலை ஆராதனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் தேர்தல் பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

உடனே வாராவாரம் என்று சபதம் எடுக்க வேண்டாம். அடுத்த நற்கருணை ஞாயிறு எது என்று மாமியாரிடமே கேளுங்கள். அன்றைக்கு அவர் ஏறும் ஆட்டோவில் நீங்களும் ஏறி, படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். வசனத்தை அவர் மறுபடி எடுத்தால், மறுபாதியை நீங்கள் சொல்லுங்கள்.