விதைப்புத் தேதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரில் மண்ணியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, குளிர்காலக் கோதுமையில் வயல் சோதனை செய்து பிஎச்டி வாங்க ஜெர்மனிக்கு வருகிறீர்கள். டிசம்பர் 1 சேரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருட உதவித்தொகை, இல்லையென்றால் 65 சதவீதச் சம்பளத்தில் வேலை ஒப்பந்தம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கூடவே குளிருக்கு என்ன வாங்குவது, அரிசி கிடைக்குமா, ஜெர்மன் மொழி அவசியமா, ஊர் மண் இரண்டு கிலோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குளிருக்கு ஊரில் எதையும் வாங்காதீர்கள், அது இங்கே தாங்காது. அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மற்றதைப் பிறகு சொல்கிறேன். "டிசம்பர் 1" என்று படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது, முதலில் அதைப் பேசிவிடலாம்.

குளிர்காலக் கோதுமையும், ரை என்னும் தானியமும் இங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் விதைப்பார்கள். அறுவடை அடுத்த ஜூலை, ஆகஸ்டில். நீங்கள் டிசம்பரில் வந்தால் உங்களுடைய முதல் விதைப்பு பத்து மாதம் கழித்து. முதல் அறுவடை இருபதாவது மாதம், இரண்டாவது அறுவடை முப்பத்திரண்டாவது மாதம். மிஞ்சுவது நான்கே மாதம். அதற்குள் மாதிரிகளை உலர்த்தி, அரைத்து, அளந்து, ஆய்வேட்டையும் எழுதி முடிக்க வேண்டும். நடுவில் ஒரு வறட்சி வந்தாலோ, காட்டுப்பன்றி புகுந்து பாத்தியைக் கிளறிவிட்டாலோ கையில் ஒரு வருஷத் தகவல்தான் இருக்கும். ஒரு வருஷ வயல் தகவலை நல்ல ஆய்விதழ் எதுவும் லேசில் ஏற்காது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வது இங்கே அக்டோபருக்குப் பொருந்தும்.

என் கதை இதுதான். நான் மன்னார்குடிப் பக்கம். 2006 செப்டம்பரில் வந்து சேர்ந்திருக்க வேண்டியவள். விசா இழுத்துக்கொண்டே போய் 2007 ஜனவரியில்தான் வந்து இறங்கினேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். என் பாத்திகள் உழுத நிலையில் சும்மா கிடந்தன. முதல் பருவம் அப்படியே போயிற்று. அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நாற்றங்காலுக்கே வராதவளுக்கு அறுவடையில் என்ன பங்கு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னார்.

அக்டோபர் 2007-இல் விதைத்தோம். தழைச்சத்து அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து மண்ணில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அதில் சில பாத்திகளுக்கு எந்த உரமும் போடக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் அந்தப் பாத்திகளோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போட முடியும். 2008 வசந்தத்தில் ஒரு நாள் காலை, டிராக்டர் ஓட்டும் பெரியவர் ஆய்வுக்கூட வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்டார். வேகமாக, அந்த வட்டாரத்துப் பேச்சில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். "யா, யா" என்று தலையாட்டிவிட்டேன். அவர் போய் எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே சீராகத் தழைச்சத்து போட்டுவிட்டு வந்தார். எதையும் ஒதுக்காமல் எல்லாப் பாத்திக்கும் போட்டுவிடலாமா என்றுதான் கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்றிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. அவர் மாலையில் வந்து, புரியும்படி மெதுவாக மன்னிப்புக் கேட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

உங்கள் மொழிக் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. "ஜெர்மன் தேவையில்லை, இங்கிலீஷே போதும்" என்று வாட்ஸாப் குழுக்களில் அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெர்லினிலும் மியூனிக்கிலும் கணினி வேலையில் இருப்பவர்கள். அவர்களுடைய வேலைக்கு அது போதுமாக இருக்கலாம். உங்களுக்குப் போதாது. பேராசிரியர் இங்கிலீஷில்தான் பேசுவார், கட்டுரையும் இங்கிலீஷில்தான். ஆனால் உலர்த்தும் அடுப்பின் சாவி, விதைக்கும் இயந்திரம், மண் துளைப்பான் எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெர்மன்தான் பேசுவார். கிளம்புவதற்குள் மொழித் தேர்வில் பி1 என்னும் நடுத்தர நிலைக்கு முயலுங்கள், முடியாவிட்டால் அதற்கு ஒரு படி கீழான ஏ2 ஆவது. "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்ற வாக்கியம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வர வேண்டும். நான் இன்று இந்த மண்ணின் பேச்சில் விவசாயிகளோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறேன். அதற்கு விலையாக ஒரு பருவத்தைக் கொடுத்தேன்.

அப்புறம் உதவித்தொகையா, ஒப்பந்தமா? ஒப்பந்தம்தான். கைக்கு வரும் பணம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், சில சமயம் உதவித்தொகைதான் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அதில் பிடித்தம் இல்லை. அந்தப் பிடித்தத்துக்குள்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீட்டில் ஏறக்குறைய பாதியை முதலாளி கட்டுவார். ஓய்வூதியக் கணக்கில் மாதங்கள் சேரும், அறுபது மாதம் சேர்ந்தால்தான் அங்கே உரிமையே பிறக்கும். வேலையிழப்புக் காப்பீடும் சேரும். 24 மாதம் கட்டியிருந்தால் ஒப்பந்தம் முடிந்த பிறகு பொதுவாக ஒரு வருடம் வரை உதவிப் பணம் கிடைக்கும். ஆய்வேடு எழுதும் கடைசி மாதங்களில் பலரைக் காப்பாற்றுவது அந்தப் பணம்தான். உதவித்தொகையில் இதெல்லாம் கிடையாது.

எனக்கும் கிடைக்கவில்லை. 2009 அறுவடை நன்றாக வந்தது. இன்னொரு வருஷத் தகவல் வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் உதவித்தொகை அந்த டிசம்பரோடு நின்றுவிட்டது. 2010 அறுவடை வரை, விசா அனுமதித்த நாள் கணக்குக்குள், ஒரு ரொட்டிக் கடையில் விடிகாலை நான்கு மணிக்குப் போய் மாவுத் தட்டு கழுவினேன். எட்டரைக்கு வயலுக்குப் போவேன். காப்பீட்டை என் கையிலிருந்து கட்டினேன். நீட்டிப்புக்கு வழி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டபோது, முதல் நாளே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் கேட்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்னால் வந்த நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கு இது தெரியும். சம்பளத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசுவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. பொங்கல் விழாவில் கார் பற்றிப் பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த நாட்களில் எனக்குக் கை கொடுத்தது ஓர் ஈழத்துக் குடும்பம். எண்பதுகளில் அகதியாக வந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அந்த அண்ணைதான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு என்னோடு வந்து, அதிகாரி எதிரே உட்கார்ந்து ஜெர்மனில் வாதாடி எனக்கு விசா நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். படித்து வந்தவர்கள் என்று நாம் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கிறோம். இந்த நாட்டில் எப்படி வாழ்வது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

65 சதவீதம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான், வேலை முழுதாக இருக்கும். இது துறைக்குத் துறை மாறும். விடுதியில் எங்கள் சமையலறையை மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம். ஒருத்தி திருச்சிக்காரி, பொறியியல். அவளுக்கு முழுச் சம்பளம், பொறியியலில் இங்கே அதுதான் வழக்கம். அவள் சோதனை இரவு கெட்டுப்போனால் மறுநாள் காலை உலையை மறுபடி ஏற்றுவாள். இன்னொருத்தி மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். நோயாளிகளைச் சேர்க்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வர வேண்டும், அதற்கு அப்புறம் நோயாளிகள் கிடைக்க வேண்டும். அவள் காத்திருந்ததே பெரும்பாடு. ஆராய்ச்சிக்கு வந்தாலே மருத்துவமனையில் வேலை பார்க்கலாம் என்று அவளிடம் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். உரிமம் இல்லாமல் இங்கே நோயாளியைத் தொட முடியாது, அதற்கு மருத்துவ ஜெர்மன் தேர்வு தனி. எனக்கோ விதைப்பு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான். மூன்று பேருக்கும் கொடுத்தது என்னவோ அதே மூன்று வருடம்.

பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தத்துக்கு 2007-இல் வந்த ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. பொதுவாக பிஎச்டிக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம், மருத்துவத்தில் பின் ஒன்பது. அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் அந்த வழி அடைபடும். வெளித் திட்டப் பணத்தில் தொடர ஒரு சந்து உண்டு. குழந்தை இருந்தால் குழந்தைக்கு இரண்டு வருடம் நீட்டிக்கலாம். இந்த முறையை விளக்க அமைச்சகம் போட்ட காணொளியில் ஹன்னா என்று ஒரு கற்பனை உயிரியலாளர் வருவாள். 2021-இல் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று சொந்தக் கதைகளை வெளியே சொன்னார்கள். நானும் எழுதினேன். இது வெளிநாட்டவருக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள், ஜெர்மன்காரர்களும் இதில்தான் மாட்டியிருக்கிறார்கள். நான் ஐந்து ஒப்பந்தத்துக்குப் பின் பல்கலைக்கழகத்தை விட்டு ஒரு மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தேன். இப்போது நிரந்தர வேலை. நிம்மதியாக இருக்கிறேன்.

சரி, மண் விஷயம். கொண்டுவராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து மண் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு என்றால் இங்குள்ள ஆய்வுக்கூடம் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். விதை என்றால் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அதோடு நம் நாட்டு உயிரினப் பன்மைச் சட்டம், 2002 இருக்கிறது. ஜெர்மன் நிறுவனத்துக்கு நம் விதையைக் கொடுப்பதற்கு முன் தேசிய உயிரினப் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் தேவை. அது சென்னையில் தரமணியிலேயே இருக்கிறது. காகிதம் இல்லாத மாதிரியில் எடுத்த தகவலைப் பிறகு வெளியிடுவதே சிக்கலாகிவிடும், உழைப்பு வீணாகலாம். கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும், அம்மா கட்டித் தரும் நெய்யும் பெட்டியில் கூடாது.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். செப்டம்பரில் சேரலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால், இந்த அக்டோபரில் உங்கள் திட்டப்படி அவர்களே விதைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் முதல் குளிர்காலத்துக்குக் கண்ணாடிக் கூடத்தில் தொட்டிச் சோதனையோ, ஏற்கெனவே நடக்கிற நீண்ட காலச் சோதனையின் பழைய மாதிரிகளோ தரச் சொல்லுங்கள். பருவம் கெட்டால் எத்தனை மாதம் நீட்டிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். இங்கே கேட்காதவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

நீண்ட காலச் சோதனை என்றதும் ஞாபகம் வருகிறது. 2012-இலிருந்து நான் ஹாலே நகரத்தில் இருக்கிறேன். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மதபோதகர் சீகன்பால்குவை ஆதரித்த பிராங்கே அறநிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இங்கே அச்சானது. தமிழ் ஓலைச்சுவடிகளை இங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அன்று நான் அழுதேன். அதே ஊரில் யூலியுஸ் கூன் என்ற வேளாண் அறிஞர் 1878-இல் தொடங்கிய ரை வயல் இருக்கிறது. "என்றென்றைக்குமான ரை" என்றே அதற்குப் பெயர். ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவும் கிடையாது. இரண்டு உலகப் போரிலும், ஆட்சிகள் மாறியபோதும் சோதனையை விடவில்லை. பக்கத்தில் பாட் லௌக்ஷ்டெட் என்ற ஊரின் கரிசல் மண்ணில் 1902 முதல் இன்னொரு சோதனை.

ஜூன் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரை வயல் பக்கம் நடந்து போவேன். உரமே காணாத பாத்தியில் பயிர் குட்டையாக, அடர்த்தியில்லாமல் நிற்கும், ஆனாலும் கதிர் பிடித்திருக்கும். 1878 முதல் எத்தனை பேர் அந்த டிராக்டரையும், அதற்கு முன் குதிரையையும் சரியான இடத்தில் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.

பேராசிரியர் என்ன பதில் போட்டார் என்று எழுதுங்கள். ஒப்பந்த நகல் வந்தால் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.