மத்தியானச் சோறு ராத்திரி வாய்க்கு வந்தால் அல்சரா?

அம்பாசமுத்திரத்தில் தாத்தாவுக்கு மத்தியானம் சாப்பிட்ட சொதிச்சோறு ராத்திரி படுத்ததும் வாய்க்கு வருகிறது, அல்சரா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அல்சர் மாத்திரையிலேயே நாளைக் கடத்தாதீர்கள். புளிப்பு, கசப்பு இல்லாமல் பருக்கை பருக்கையாக வந்தால் அது இரைப்பைக்கே போகாமல் தொண்டைப் பை ஒன்றில் தங்கியிருக்கலாம்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வருவது சென்கர் பை: உணவுக்குழாய் வாசலில் உள்ள தசை சரியாகத் திறக்காமல், அதற்குச் சற்று மேலே பின்சுவரில் பலவீனமான இடம் பிதுங்குவது. தசைக்குக் கீழே பக்கவாட்டில் பிதுங்கினால் கில்லியன்-ஜேமிசன் பை, அது அபூர்வம். பிரித்துக் காட்டுவது பேரியம் எக்ஸ்ரே. வெள்ளை மருந்தை விழுங்க விழுங்க நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுப்பார்கள், பை நிறைவது கண்ணுக்கே தெரியும். எண்டோஸ்கோபிக்கு முன்பே இதை எடுத்துவிடுங்கள், உள்ளே விடும் கேமராக் குழாய் பைக்குள் நுழைந்து சுவரைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு. அப்புறம், ராத்திரி இருமலோடு காய்ச்சலும் இருந்தால் காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சோறு நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம்.