மெட்டாலிகாவின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’: கேள்வி பதில்

கே: அண்ணா, ஆல்பத்தோடயே சிங்கிளும் வந்துச்சா?

ப: இல்லை. அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பம் வந்தது 1991 ஆகஸ்ட் 12. இந்தப் பாட்டு சிங்கிளாக, அதாவது தனி வெளியீடாக, வந்தது 1992 ஏப்ரல் 20. ‘என்டர் சேண்ட்மேன்’, ‘தி அன்ஃபர்கிவன்’ இரண்டும் வந்துபோன பிறகு மூன்றாவது.

கே: உலகத்துக்கே தெரிஞ்ச பாட்டு, அமெரிக்காவுல 34-ஆம் இடம்தானா? நம்பவே முடியலை.

ப: பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் அதுதான் உச்சம். பிரிட்டனில் 6. அப்போது ஆல்பம் எட்டு மாதமாக விற்றுக்கொண்டிருந்தது. பாட்டு வேண்டும் என்றவர் கையில் ஏற்கெனவே இருந்தது. போதாததற்கு நீளம் 6:28. ரேடியோக்காரர்களுக்குப் பிடிக்காத அளவு. அந்த 34-ஐ வைத்துப் பாட்டை எடைபோட வேண்டாம். யூடியூபில் வீடியோ நூறு கோடியைத் தாண்டியாயிற்று.

கே: பழைய ரசிகர்கள் ஏன் அவ்வளவு திட்டினாங்க?

ப: திராஷ் என்ற வேகமான முரட்டு மெட்டல் வாசித்தவர்கள் காதல் பாட்டுக்கு இறங்கிவிட்டார்கள் என்று. 1984-இல் அவர்களுடைய ‘ஃபேட் டு பிளாக்’ வந்தபோதும் இதே கூச்சல்தான். இத்தனைக்கும் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இதை இசைக்குழுவுக்காக எழுதவே இல்லை. ஒரு கையில் தொலைபேசி, காதலியோடு பேச்சு. மறு கை சும்மா கிட்டார் கம்பிகளை மீட்டியதில் பிறந்தது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் காதில் விழுந்த பிறகுதான் ஆல்பத்துக்குள் வந்தது.

கே: ஆரம்பத்தை கிட்டார்ல வாசிக்கிறேன், ரெக்கார்டுல வர்ற மாதிரி இல்லையே சார்?

ப: ஒரு கை பிறப்பித்த பாட்டு என்பதால் முதல் பார்களில் (தாளச் சுற்றுகளில்) இடது கைக்கு வேலையே இல்லை, எல்லாம் திறந்த கம்பிகள், அழுத்தாமல் மீட்டுவது. வரிசை: 6, 3, 2, 1, 2, 3 (6 தடித்த கம்பி, 1 மெல்லியது). ஆறாவதுக்குக் கட்டைவிரல், மூன்றாவதுக்கு ஆள்காட்டி, இரண்டாவதுக்கு நடுவிரல், முதலாவதுக்கு மோதிரவிரல். பிக் (மீட்டும் வில்லை) வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, உள்ளங்கை ஆறாவது கம்பியில் சாய்ந்து அதன் ஒலியைக் கொன்றுவிடும். அந்த ஈ ஸ்வரம் பார் முழுக்க ஒலிக்கணும். இரண்டு, நான்கு நான்காக எண்ணுவது. இது 6/8, பாருக்கு ஆறு எண்ணிக்கை; அழுத்தம் 1-லும் 4-லும். மூன்று, முதல் கம்பியின் 7-ஆம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் ஏழாவது கட்டத்துக்கு) போகும்போது விரல் படுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பியை அடைத்துவிடும். நுனியால் அழுத்துங்கள்.

தாளம் தட்டும் மெட்ரோனோமில் கம்பிக்கு ஒரு தட்டு என்று நிமிடத்துக்கு 90-இல் தொடங்குங்கள். பாட்டின் வேகம் ஏறக்குறைய 140. ஈ மைனர், டி, சி கார்டுகள் சுலபம்; ஜி-யிலிருந்து பி7-க்குச் சட்டென்று தாவும் இடத்தை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள்.

கே: ஆர்கெஸ்ட்ரா இருக்குன்னு சொல்றாங்க, காதுல விழவே இல்லை!

ப: இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் எழுதியது. மிக்ஸில் ரொம்பத் தாழ்த்திவிட்டார்கள். முழுசாகக் கேட்க ‘சேட் பட் ட்ரூ’ சிங்கிளின் மறுபக்கத்தில் ‘எலிவேட்டர் வெர்ஷன்’ இருக்கிறது: ஆர்கெஸ்ட்ரா, அக்கூஸ்டிக் கிட்டார், குரல், அவ்வளவே. 1999-இல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்த கச்சேரியை நடத்தியதும் அதே கேமன்தான்.

கே: சோலோ வாசிச்சது குழுவோட லீட் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் தானே?

ப: ஹெட்ஃபீல்ட். ரெக்கார்டிங்கில் கிர்க் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

கே: லைவ் வீடியோவோடு சேர்ந்து வாசிச்சா அபஸ்வரமா இருக்கே?

ப: ரெக்கார்டு சாதாரண ட்யூனிங். பிந்தைய கச்சேரிகளில் ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குகிறார்கள். நீங்களும் இறக்குங்கள், இறக்கியபின் ஒருமுறை சரிபாருங்கள், புதுக் கம்பி நழுவும்.