எண்பது சதவீத எக்செல்

அன்புள்ள ஐயா,

நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் கதைகளைப் பற்றி எழுதாமல் இப்படி ஒரு விஷயத்துக்காக எழுதுவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் எங்கள் கல்லூரிக்கு இரண்டு கம்பெனிகள் ஆள் எடுக்க வருகின்றன. ரெஸ்யூமே கேட்டிருக்கிறார்கள். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது நேர்முகத் தேர்வு நடத்தும் குழுவில் உட்கார்ந்ததாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

என்னிடம் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. இன்டர்ன்ஷிப் போனதில்லை. மாலையில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவேன், அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது மூன்று இரவு கடையிலேயே கிடந்ததில் ஓர் இன்டர்னல் பரீட்சைகூடப் போயிற்று. மூன்றாம் செமஸ்டரில் ஓர் அரியர் இருந்தது, முடித்துவிட்டேன். அதை மறைக்கலாமா? நண்பன் சாட்ஜிபிடியில் எழுதித் தந்ததை இணைத்திருக்கிறேன். படித்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இணைப்பைப் பார்த்தேன். இடது பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் உங்கள் போட்டோ, அதன் கீழே கோடு கோடாக எக்செல் 80%, டாலி 90%, தலைமைப் பண்பு 85%. எக்செலில் தெரியாத அந்த இருபது என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? தலைமைப் பண்பை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? மேலே 'ரிசல்ட் ஓரியன்டட்', 'டைனமிக்', 'ஹார்டு ஒர்க்கிங்' என்று இருக்கிறது. இந்த மூன்றையும் தூக்கிவிட்டால் பக்கத்தில் பாதி காலி. வேறு யாரோ மாதிரி இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றியது நல்லது.

ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, ஜிஎஸ்டி மாறியபோது மூன்று இரவு கடையில் கிடந்தேன் என்கிறீர்கள். நான் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால் உங்களிடம் கேட்பதற்கு அது ஒன்றே எனக்குப் போதும். செப்டம்பர் 22 அன்று சிமென்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஹார்டுவேர் கடையில் அது சின்ன விஷயமா? குடோனில் பழைய வரியில் வாங்கிய மூட்டைகள் எத்தனை இருந்தன? டாலியில் விகிதத்தை எப்படி மாற்றினீர்கள்? மாறாத பொருள் எதையாவது தவறுதலாக மாற்றிவிட்டு, அப்புறம் பில்லைத் திருத்தினீர்களா? ஒரு வாரம் முன்பு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போன கொத்தனார் வந்து சண்டை போட்டாரா? பாடப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறவர் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது. உங்களால் கால் மணி நேரம் பேச முடியும். நீங்கள் அனுப்பிய தாளில் கடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

இன்னொன்று. மாமாவுக்குச் சரக்குப் போடுகிறவர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1ஐப் போடாமல் விட்டால், அந்தப் பில்லுக்கான வரி உங்கள் கடையின் 2பி-யில், அதாவது கொள்முதல் வரிப் பட்டியலில், வராது. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் அந்த வரவு மாமாவுக்கு அந்த மாதம் கிடைக்காது. மாதம் 14ஆம் தேதி 2பி வந்ததும் அதைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டவருக்குப் போன் போடுவது யார்? ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன், நாங்கள் தேடியது இந்த வேலையைச் சோம்பல் இல்லாமல் செய்கிற ஆளைத்தான்.

தாளில் இது இப்படி வரலாம். முதலில் கடையின் பெயர், ஊர், எந்த மாதத்திலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். கீழே மூன்றே வரி: நாளொன்றுக்கு ஏறத்தாழ இத்தனை பில் டாலியில் பதிவு செய்தேன், 2025 செப்டம்பரில் இத்தனை பொருட்களுக்கு வரி விகிதத்தை மூன்று நாளில் மாற்றினேன், மாதாமாதம் 2பி-யைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்தேன். எண்ணைக் குத்துமதிப்பாக அடிக்காமல் டாலியைத் திறந்து பார்த்துப் போடுங்கள். ஆங்கிலம் சாதாரணமாக இருந்தால் போதும், ஒவ்வொரு வரியும் செய்த வேலையைச் சொல்லும் வினைச்சொல்லில் தொடங்கட்டும். மாமா என்பது தாளில் வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள், சொந்தக்காரர் கடையில் வேலை செய்வது குற்றமில்லை. (சம்பளம் தருகிறாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். அது உங்கள் குடும்ப விவகாரம்.)

அப்புறம் அந்த 'கேரியர் ஆப்ஜெக்டிவ்'. 'டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை நான் 1994இலேயே எழுதியிருக்கிறேன். அப்போது பயோடேட்டா என்போம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, எனக்கு முன்னால் வேலைக்குப் போன ஓர் அண்ணனின் தாளை மாதிரிக்குக் கொடுத்து அடித்து வாங்கினேன். பெயர், அப்பா பெயர், மதிப்பெண் எல்லாம் சரியாக மாற்றியிருந்தார்கள். நேர்முகத்தில் எதிரே இருந்தவர் கடைசி வரிவரை படித்துவிட்டு, "தம்பி, எப்போது திருச்சிக்குக் குடிபோனீர்கள்?" என்றார். உறுதிமொழிக்குக் கீழே 'இடம்: திருச்சி' அப்படியே இருந்தது. நான் அதுவரை திருச்சியைப் பார்த்ததே இல்லை. வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் நான் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தபோது, ஒரே வகுப்பிலிருந்து மூன்று பேரின் தாளில் ஒரே புராஜெக்ட், ஒரே எழுத்துப் பிழையோடு வந்தது. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று நாங்கள் ஆராயவில்லை. மூன்றையும் ஒன்றாக ஓரம் வைத்துவிட்டோம். ஆகவே ஆப்ஜெக்டிவை எடுத்துவிடுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், எந்த மாதம் படிப்பு முடிகிறது, இந்த இரண்டும் ஒரே வரியில் இருந்தால் போதும்.

சான்றிதழ்கள் பதினொன்று போட்டிருக்கிறீர்கள். அதில் எட்டு, வெபினாரில் உட்கார்ந்து கருத்துப் படிவம் நிரப்பியதும் மெயிலில் வந்தவை. அவை வேண்டாம். ஐஐடிகள் நடத்தும் இணையப் படிப்பான என்பிடெல் சான்றிதழ் இருக்கட்டும். அதற்குத் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதும், மதிப்பெண்ணில் 75 சதவீதம் அந்தத் தேர்வுக்குத்தான் என்பதும் ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியும். 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்ததும் இருக்கட்டும், ஆனால் அதில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து.

அரியரை மறைக்கலாமா என்று கேட்டீர்கள். முடித்த அரியரை நீங்களாக எடுத்து எழுத வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'இதுவரை அரியர் உண்டா' என்று தனியாகக் கேட்டால் உண்டு என்று போடுங்கள். பொதுவாகக் கம்பெனிகள் கவலைப்படுவது நிலுவையில் இருக்கும் அரியரைப் பற்றி. சில இடங்களில் பழைய அரியரும் கூடாது என்பார்கள், அந்த இடம் உங்களுக்கு இல்லை, சரி. மறைத்துச் சேர்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் அந்த அவமானம் பெரிது.

மதம், திருமண நிலை, அப்பாவின் தொழில், பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணை எப்படிப் போட்டீர்கள்? இந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது, உடனே எடுங்கள். உறுதிமொழி நம் ஊர்ப் பழக்கம், அரசு விண்ணப்பப் படிவத்திலிருந்து தொற்றியது. தனியார் கம்பெனிக்கு அது தேவையில்லை. உங்கள் பிளேஸ்மென்ட் அதிகாரி வேண்டும் என்றால் சண்டை போடாமல் வைத்துவிடுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் சரிபாருங்கள்.

அந்த நீலப் பட்டைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வுசெய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் உங்களுடையதை ஒட்டிப் பார்த்தேன். உங்கள் சிஜிபிஏ நடுவில் 'கேரம் விளையாடுதல்' வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய கம்பெனிகளில் மனிதருக்கு முன்னால் மென்பொருள்தான் பெரும்பாலும் படிக்கிறது, அதற்கும் இப்படித்தான் தெரியலாம். வெள்ளைத் தாள், இடது வலது என்று பிரிக்காத ஒரே பத்தி, ஒரே பக்கம். அச்சில் எடுத்து வரும் கட்டில் ஒரு தாளுக்கு நான் அரை நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை, அதனால் கடை மேல் பாதியில் இருக்கட்டும்.

தாளில் இருக்கும் எண்ணுக்கு நேற்று இரண்டு முறை கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ரீசார்ஜ் செய்யாத பழைய சிம் என்றால் எண்ணை மாற்றுங்கள்.

கடையின் பெயரை எழுதுமுன் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கம்பெனியிலிருந்து யாராவது விசாரித்தால், "அவனா, சாயங்காலம் வந்து சும்மா உட்கார்ந்திருப்பான்" என்று சொல்லிவிடப் போகிறார்.