பராமரிப்பு நாளில் ஆட்டோக்காரர் போன் அணையாமல் இருக்க

அண்ணே, மதுரையில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் போகும் நாளில், மதியமே போன் அணைந்து சவாரி கைவிட்டுப் போகிறது என்றீர்கள். ஆட்டோ பேட்டரியிலேயே 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் மாட்டிவிடுங்கள். எலக்ட்ரீசியனிடம் நடுவில் ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள், அது கட்டாயம். மழைத் தண்ணீர் படாத இடமாகவும் பாருங்கள். போன் வெயிலில் சுட்டால் சார்ஜ் ஒழுங்காக ஏறாது, ஸ்டாண்டை நிழல் பக்கம் திருப்புங்கள்.

அப்புறம், தடை நீண்டால் அந்தப் பகுதி டவரின் பேட்டரியும் இறங்கி சிக்னல் படுத்துவிடலாம். அன்றைக்குப் பக்கத்து ஏரியாவில் நிற்பதுதான் நல்லது. எங்கெங்கே தடை என்று முந்தின நாள் பேப்பரில் வரும். சந்தேகமென்றால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் போடுங்கள்.